மாற்றம் ஒன்றும் இல்லை

இனிமேல் என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு துரும்பும் அசையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். எடுத்த இடம் பள்ளிப்பட்டு போகிற பஸ். நின்றுகொண்டே எடுத்தேன். உட்கார இடம் இல்லை.

அன்று காலை ஏழு மணிக்கு நான் லுங்கியில் இருந்தேன். நாள் முழுக்க லுங்கியிலேயே இருப்பதாகத் திட்டம். என் மனைவி அம்சவேணி பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

"இன்னும் கெளம்பலயா?"

"எங்க?"

"பள்ளிப்பட்டு. எங்க சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து."

"எப்ப சொன்ன?"

"ஃபைல்ல போட்டேனே. புதன்கெழமையே போட்டேன். மூணு நாள் ஆச்சு. மறுப்பு வரல."

மறுப்பு வரவில்லை என்றால் சம்மதம். கும்மிடிப்பூண்டியிலிருந்து பள்ளிப்பட்டுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். மாறினோம்.

அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்சவேணி எங்கள் ஊர் சிப்காட்டில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். காகிதங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்த வளையத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிய மூலக் காகிதம் அவளிடம் இருக்கும். அதன் நகல் மெஷின் பக்கத்தில் தொங்கும். காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவள் கொள்கை.

இரண்டு வருடம் முன்பு, பிளம்பருக்குப் போன் பண்ணுவதாகச் சொன்னது யார் என்று எங்களுக்குள் ஒரு சண்டை. நான்தான் சொன்னேன். சொல்லவில்லை என்று சாதித்தேன். மறுநாளே அவள் 'வீட்டு விஷயம்' என்று ஒரு ஃபைல் போட்டாள். அது இன்டர்நெட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அவள் போனிலும் திறக்கும், என் போனிலும் திறக்கும். அதில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மூன்று நாளுக்குள் அடுத்தவர் மறுப்பு எழுதாவிட்டால் அது ஊர்ஜிதம்.

நல்ல ஏற்பாடு என்று நானும் தலையாட்டினேன். ஒரே ஒரு சிக்கல். அவள் எழுதினாள். நான் படிக்கவில்லை.

இப்படி வாயே திறக்காமல் நான் ஒப்புக்கொண்டவை ஏராளம். தினமும் காலையில் பாகற்காய் சாறு. தெருச் சாக்கடைக் கமிட்டிக்குச் செயலாளர் பதவி. என் மீசை போனதுகூட அந்த ஃபைலில்தான். பதினெட்டாம் வரி.

பஸ்ஸில் சபதம் எடுத்தேன் என்றேனே, வெறும் சபதம் இல்லை. வழியும் கையில் இருந்தது. நான் இரும்புக் குழாய் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். குழாயை எங்கே வெட்டு, எங்கே வளை என்று மெஷினுக்குச் சொல்கிற ஃபைல்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். அங்கே ஃபைல் மாறினால் இங்கே தெரிய வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் தானாக ஓடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. எழுதியது நான். அதையே கொஞ்சம் திருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பழைய லேப்டாப் ஒன்று ஃபிரிஜ் மேல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் 'வீட்டு விஷயம்' ஃபைலுக்கு ஒரு நகல் வைத்தேன். கால் மணிக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் எழுந்து, மேலே இருக்கும் ஃபைலையும் கீழே இருக்கும் நகலையும் ஒப்பிடும். வேறாக இருந்தால் என் போனில் மணி அடிக்கும்; நான் மேலே பார்த்துவிட்டு, புதியதை இறக்கி நகலின் மேல் போட்டுவிடுவேன். ஒன்றாக இருந்தால் 'மாற்றம் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

முதல் மணி செவ்வாய்க்கிழமை அடித்தது. 'ஞாயிறு, மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுதல், அவர்.' நான்தான் அந்த அவர். நாலே நிமிடத்தில் எழுதினேன்: 'மறுப்பு. முதுகு வலி.'

வியாழக்கிழமை: 'எதிர்வீட்டு நாயை நாலு நாள் பார்த்துக்கொள்ளுதல், அவர்.' மூன்று நிமிடம். 'மறுப்பு. நாய்க்கு என்னைப் பிடிக்காது.'

அம்சவேணி சாப்பாடு போடும்போது என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, இப்பல்லாம் ஒடனே ஒடனே பதில் வருது?"

"பொறுப்பு வந்துச்சு."

"எங்கேர்ந்து?"

நான் ரசத்தைக் குடித்தேன்.

அடுத்த மாதம் ஒரு மணி அடித்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியாது. 'ஹைதராபாத்தில் எனக்குப் பத்து நாள் பயிற்சி. அவர் லீவு போட்டு பூமிகாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.' பூமிகா எங்கள் மகள். மூன்றாம் வகுப்பு. அவள் தலைமுடி இடுப்பு வரை இருக்கும். காலையில் இரட்டைச் சடை பின்ன வேண்டும். டிபன், மதியச் சாப்பாடு, ஸ்கூல், வீட்டுப்பாடம். பத்து நாள்.

ஆறு நிமிடத்தில் எழுதினேன்: 'மறுப்பு. கம்பெனியில் ஆடிட்.'

ஆடிட் எதுவும் இல்லை.

அன்று மாலை அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சரி." சொல்லிவிட்டுப் பூமிகாவின் யூனிஃபார்மை இஸ்திரி போடப் போனாள். அந்தப் பயிற்சி முடித்தவர்களில் ஒருவரைத்தான் அவள் பிரிவுக்குத் தலைமையாகப் போடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஃபைலில் இருந்ததாம். நான் முதல் வரியோடு மறுத்துவிட்டேன். அவளுக்குப் பதில் பக்கத்து நாற்காலிப் பெண் போய்வந்தாள்.

உள்ளே லேசாக ஒரு முள் குத்தியது. ஆனால் வெற்றி பெரிதாக இருந்தது. பெரிய வெற்றியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது கஷ்டம். முதலில் பக்கத்து வீட்டு ஜெரால்டிடம் சொன்னேன். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு லாரி ஆபீசில் வேலை செய்கிறான்.

"ஸ்கிரிப்ட் எழுதிக்கிறேன்பா."

"சினிமாக்கா?"

"ஊட்டுக்கு."

"ஊட்ல இன்னா படம் ஓடுது?"

விளக்கினேன். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரிகிற ஒரு ஆளிடம் சொல்லாமல் எனக்கு நாஷ்டா இறங்கவில்லை. நான் தெரிந்துவைத்திருக்கும் ஆட்களில் புத்திசாலி ஒரே ஒருத்திதான். அவளிடமே சொன்னேன்.

தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணி, நான் எப்டி ஒடனே மறுப்பு எழுதறேன், தெரியுமா?"

"தெரியலயே."

"ஹேஷ்."

"ஏச்சா?"

"ஏச்சு இல்ல. ஹேஷ்."

"இந்த ஊட்ல ஏச்சு யாரு வாங்கறதுன்னு எனக்குத் தெரியும். ஹேஷ்னா இன்னா?"

"ஃபைலுக்குக் கைரேகை மாதிரி. ஃபைல் எவ்ளோ பெருசா இருந்தாலும், அரைச்சுப் புழிஞ்சா அறுவத்துநாலு எழுத்து வரும். உள்ள ஒரு புள்ளி மாறினாலும் அந்த அறுவத்துநாலும் தாறுமாறா மாறிடும். நீ ஃபைல்ல ஒரு கமா போட்டாக்கூட எனக்கு மணி அடிச்சிடும்."

"அப்ப ஃபைலைப் படிக்காது?"

"படிக்கவே தேவயில்ல. மேல இருக்கறதோட ரேகையும் ஃபிரிஜ்மேல இருக்கறதோட ரேகையும் ஒண்ணான்னு பாக்கும். அவ்ளோதான்."

"ரெண்டுல எது புதுசு, எது பழசு, அது தெரியுமா?"

"அது இன்னாத்துக்குத் தெரியணும்? வேறயா இருந்தா மணி. ஒண்ணா இருந்தா மாத்தம் இல்ல."

"எப்பெப்ப பாக்கும்?"

"கால் மணிக்கு ஒரு தபா."

"ஓ," என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். தோசை நன்றாக வந்திருந்தது. அந்த 'ஓ'வைத்தான் நான் கவனிக்கவில்லை.

அதன்பின் மணி அடிக்கவில்லை.

ஒரு நாள் அடிக்கவில்லை. ஒரு வாரம் அடிக்கவில்லை. தினமும் வேலைவிட்டு வந்து லேப்டாப்பைப் பார்ப்பேன். 'மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை.' மேலிருந்து கீழ்வரை அதே வரி. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் என் பெண்டாட்டி ஒரு வாரம் முழுக்க எனக்கு வேலை வைக்காமல் இருந்தது அதுவே முதல்முறை. அவள் சரணடைந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மீசையை மறுபடி வளர்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் ஜெரால்ட் மாடிப்படியில் கேட்டான்.

"ஒரு தபாகூட அடிக்கலயா? ரிப்பேரா இருக்கப் போவுதுபா."

நியாயமான சந்தேகம். சோதித்தேன். கீழே இருக்கும் நகலைத் திறக்காமலே, வெளியிலிருந்து ஒரு கட்டளை கொடுத்து, கடைசியில் ஒரு புள்ளி சேர்த்தேன். கால் மணிக்குள் போன் அடித்தது. மேலே இருப்பதை இறக்கி நகலின் மேல் போட்டேன். 'மாற்றம் இல்லை.' கடிகாரம் மாதிரி வேலை செய்தது.

"உள்ள இன்னா எழுதிக்குதுன்னு பாத்தியா?" என்றான் ஜெரால்ட்.

"எதுக்குப் பாக்கணும்? ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல, சும்மா ஒரு தபா தொறந்து..."

"ஜெரால்ட், நீ லாரி ஆபீஸ். இது வேற."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஒரு பெரிய டிராலி பை நின்றது. பக்கத்தில் அம்சவேணி, தலைவாரி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக.

"இன்னா பை?"

"ட்ரெய்னிங். ஹைதராபாத். இதான் கடைசி பேட்ச்."

"எப்ப சொன்ன?"

"ஃபைல்ல இருக்குதே. ஆறாம் தேதி போட்டேன்."

நான் சிரித்தேன். இந்த இடத்துக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். லேப்டாப்பை ஃபிரிஜ் மேலிருந்து இறக்கி அவள் முன்னால் வைத்தேன். "பாரு. ஆறாம் தேதி. மாத்தம் இல்ல. ஏழாம் தேதி. மாத்தம் இல்ல. எதுவும் மாறல வேணி. மெஷின் பொய் சொல்லாது."

"தொறந்து பாருங்க."

திறந்தேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அந்த நகலின் உள்ளே போனேன். நாற்பத்தொன்றாம் வரி: 'ஹைதராபாத் பயிற்சி, பத்து நாள்.' நாற்பத்திரண்டு: 'அவர் லீவு போடுதல்.' நாற்பத்துமூன்று: 'இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொள்ளுதல், அவர்.' அப்படியே ஐம்பத்தெட்டு வரை போனது. நடுவில் மாடித் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. நாயும் இருந்தது. பதினெட்டாம் வரியைப் புதுப்பித்திருந்தாள்.

மேலே இருந்த ஃபைலையும் திறந்தேன். அதுவும் அப்படியே இருந்தது. எழுத்துக்கு எழுத்து.

"ரெண்டும் ஒண்ணாதான இருக்கு?" என்றாள்.

"ஆனா... மணி அடிக்கலயே."

"எப்டி அடிக்கும்? எங்க கம்பெனில மூலக் காப்பி மாறினா, மெஷின்கிட்ட தொங்கற காப்பியயும் கையோட மாத்திடணும். இல்லன்னா எனக்குத்தான் ஏச்சு. மேல ஒண்ணு போட்டேன், அதே ஃபைலை ஃபிரிஜ்மேலயும் ஒண்ணு போட்டேன். உங்க ஆளு கால் மணி தூங்கும்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

லேப்டாப்புக்கு நான் பாஸ்வேர்ட் வைத்திருக்கவில்லை. வைத்தால் பூமிகா பொம்மைப் படம் பார்க்க ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவாள். ஹேஷில் ஆரம்பித்தால் ஏச்சில் முடியும் என்று பயந்தேன். ஏய்ப்பில் முடிந்தது.

எனக்குக் கடைசியாக ஒரு வழி இருந்தது. லீவு கிடைக்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் யேசுதாஸ் சாரைக் கூப்பிட்டேன். எங்கள் ஷிஃப்டுக்கு அவர்தான் தலைவர். இருபது வருடம் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். அவர் பேசுவதற்குப் போன் தேவையில்லை.

"சார், ஒரு பத்து நாள் லீவு வேணும். கெடைக்காதுல்ல சார்?"

"ஏன் கெடைக்காது? எடுத்துக்கப்பா."

"இல்ல சார், ஆடிட் கீடிட்னு எதுனா..."

"ஆடிட்டா? ரெண்டு வருசமா ஏதுப்பா ஆடிட்டு? அதுக்கு அடுத்த ஆடி வரணும். நீ போயி ஊட்டப் பாரு, சடையப்பா."

சடையப்பன் என்பது என் பெயர். திரும்பினேன். பால்கனிக் கதவில் அம்சவேணி நின்றிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள்.

"எப்டி?"

"ஆடிட்னா நீங்க தலைக்கு எண்ண வச்சிக்கினு போவீங்க. அந்த மாசம் ஒரு நாளும் வைக்கல."

"கேட்ருக்கலாமே."

"கேட்டா இன்னா சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். முதுகு வலி என்று சொல்லியிருப்பேன்.

"அதான் கேக்கல," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பேஜாராக இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம். "பத்து நாளு. போய்ட்டு வந்துடறேன். பூமிகாக்கு தயிர்சாதத்துல கடுகு போடாதீங்க, பொறுக்கிப் போட்டுட்டு பட்டினியா வருவா."

"போய்ட்டு வா," என்றேன். டிராலி பையை நான்தான் கீழே இறக்கினேன். அது ஃபைலில் இல்லை.

ஹைதராபாத் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நிற்காது. அதனால் இங்கிருந்து சென்னைக்குப் போய் ஏறி, மறுபடி எங்கள் ஊரையே தாண்டிப் போக வேண்டும். சாயங்காலம் பூமிகாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ரயில் பாய்ந்து வந்தது. எந்தப் பெட்டி என்று தெரியாமல் இரண்டு பேரும் எல்லாப் பெட்டிக்கும் கையாட்டினோம். ஒரு ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. அவள் கைதானா என்று தெரியவில்லை. பூமிகா அம்மாதான் என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அந்தப் பத்து நாளை விவரிக்க மாட்டேன். முதல் நாள் நான் பின்னிய சடையைப் பார்த்துவிட்டு பூமிகாவின் டீச்சர், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். எதிர்வீட்டு நாய்க்கு என்னைப் பிடிக்காது என்று எழுதியது பொய்யில்லை என்று நிரூபணமானது. ஆனால் ஏழாம் நாள் சடை இரண்டும் ஒரே நீளத்துக்கு வந்தன. எட்டாம் நாள் டிபன் டப்பா காலியாகத் திரும்பியது. அதைக் கழுவாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்சவேணி திரும்பி வந்தாள். மறுமாதமே அவளைப் பிரிவுக்குத் தலைமையாகப் போட்டார்கள். காலை ஏழு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். காலைச் சமையலும் சடையும் எனக்கே நிலைத்தன. நான் மறுக்கவில்லை.

ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன். திருந்திவிட்டேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தது. இனி ஹேஷ் கிடையாது, மணி கிடையாது. தினமும் காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு, 'வீட்டு விஷயம்' ஃபைலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் கண்ணாலேயே படித்தேன். தேவாரம் மாதிரி. இரண்டு வாரம் ஒரு நாள் தவறவில்லை. புதிதாக ஒரு வேலையும் வரவில்லை. எனக்கு அவள்மேல் மதிப்பு கூடியது.

பதினைந்தாம் நாள் காலை அவள் செருப்பு மாட்டும்போது பெருமையாகச் சொன்னேன்.

"வேணி, ஃபைலை இப்ப நான் தினம் படிக்கிறேன். முழுசா."

"எந்த ஃபைலு?"

"வீட்டு விஷயம்."

"அதயா? அத மூடி ரெண்டு வாரம் ஆவுதுங்க. ரொம்ப நீளமாயிடுச்சுன்னு புதுசா ஒண்ணு தொறந்துட்டேன். உங்க போனுக்கு அனுப்பினேனே, பாக்கலயா?"

அவள் போன பிறகு தேடிப் பார்த்தேன். வந்திருந்தது. புது ஃபைலில் எழுபத்தாறு வரிகள் இருந்தன; எல்லாவற்றுக்கும் மூன்று நாள் முடிந்திருந்தது.